நொய்யலில் கரைந்த உப்பு

நம்பிக்கை: சாயக்கழிவைச் சுத்திகரிப்பது தண்டச் செலவு.

ஒரு காலத்தில் திருப்பூரில் இதைச் சொல்லாத பட்டறைக்காரர் இல்லை. கணக்கை மட்டும் அவர்கள் அரைகுறையாகப் போட்டார்கள். பருத்திப் பனியன் துணியில் அடர் நிறம் ஏற வேண்டுமானால், சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய உப்பு, லாரியில் வாங்கிய தண்ணீர், இரண்டும் நொய்யல் ஆற்றுக்குப் போயின. அந்த ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பனியன் தயாரிப்பாளர்கள் சாயம் போட வெளியூருக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதுதான், சுத்திகரிக்காமல் விட்டதன் செலவு எவ்வளவு என்று தெரிந்தது. இன்று ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டிய தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பகுதியும் மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது.

நம்பிக்கை: பசுமைச் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டு பையர் கூடுதல் விலை தருவார்.

பெரும்பாலும் தரமாட்டார். பேரத்தில் ஒரு சென்ட் குறைக்கத்தான் பார்ப்பார். சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது பேரத்துக்கு உட்காரும் நாற்காலியை. தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று ஆடிட்டில் கேட்கும்போது மீட்டர் பதிவேட்டை எடுத்து நீட்ட முடிகிற ஆலைக்கு அடுத்த சீசன் ஆர்டரும் வர வாய்ப்பு அதிகம். 2024-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோடிசைன் சட்டம் ஆடைகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப் போகிறது. பதிவேடு வைத்துப் பழகியவருக்கு அது பாதி முடிந்த வேலை.

நம்பிக்கை: திருப்பூர் இப்போது முழுக்கச் சுத்தம்.

இதைச் சொல்பவர்கள் விளம்பரத்தை மட்டும் படித்தவர்கள். உப்புநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் விறகையும் மின்சாரத்தையும் விழுங்குகிறது. காற்றாலை வைத்திருப்பவருக்குத்தான் அந்த மின்கட்டணம் கொஞ்சம் தாங்குகிறது. கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது.