சிவப்புக் கட்டம் ஏன் வருது?



எங்க பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி என்று போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நம்ம கம்ப்யூட்டர் லேபில் தேடிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வந்தது சிவப்புக் கட்டம். 'இந்தத் தளம் தடை செய்யப்பட்டது.' பக்கத்து சீட் பையன் பார்த்துவிட்டுச் சிரித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி என்ன தப்பான காரியம் செய்தேன்?

சார்கிட்ட கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். லேபிலிருந்து கேட்கிற ஒவ்வொரு தளமும் ஃபில்டரைத் தாண்டித்தான் வரணும். தபாலில் உறையைப் பிரிக்காமல் விலாசத்தை மட்டும் பார்ப்பதுபோல, பெரும்பாலும் தளத்தின் பெயரைத்தான் அது பார்க்கும். பெயரில் 'பிரெஸ்ட்' என்று இருந்தது. மருத்துவமா ஆபாசமா என்று மெஷினுக்கு என்ன தெரியும்?

1996-ல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் கணக்கே தொடங்க முடியவில்லையாம். ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வருகின்றன, அவ்வளவுதான்! அமெரிக்காவில் 2000-ல் வந்த சட்டப்படி, இணையத்துக்கு அரசு உதவி வாங்கும் பள்ளிகளும் நூலகங்களும் ஃபில்டர் வைக்கணும். 2003-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் பெரியவர்கள் கேட்டால் நூலகர் தடையை எடுத்துவிடலாம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

'பிராக்ஸி போட்டா திறக்கும்' என்று நம்ம பசங்க சொல்றாங்க. திறக்கும்தான். நடுவில் வேறொரு கம்ப்யூட்டர் நமக்காகத் தளத்தை வாங்கித் தரும். ஃபில்டருக்கு அந்த நடு ஆள் பெயர்தான் தெரியும். அரசாங்கமே செய்திகளைத் தடுக்கும் நாடுகளுக்காக டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2006-ல் 'சைஃபன்' வெளியிட்டது. ஆனால் முன்பின் தெரியாத இலவச பிராக்ஸி தளத்தில் பாஸ்வேர்டு அடித்தால், நடு ஆள் அதையும் படிக்கலாம். எங்க வகுப்பில் ஒருவன் மெயில் கணக்கை அப்படித்தான் பறிகொடுத்தான்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தளத்தின் பெயர், தேதி, எதற்கு வேண்டும். தோழிகளும் எழுத, ஒன்பது சேர்ந்தது. சார் ஆறைத் திறந்துவிட்டார். மற்ற மூன்றும் விளையாட்டுத் தளங்கள் (யார் எழுதினது என்று சொல்லமாட்டேன்).

பெரியம்மாவுக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு இரண்டு தடவை படிச்சாங்க. டாக்டர்கிட்ட கேட்க நாலு கேள்வி குறிச்சுக்கிட்டாங்க.

நோட்டு லேப் கதவுப் பக்கம் தொங்குது. தளத்தின் பெயரை எழுதுங்க. உங்க பெயர் வேண்டாம்.