குளிர்முகில்கள் குடியிருக்கும் இடம்

மாணவர்களே, அடுகோடியின் தெருவிளக்கு வெளிச்சத்தில் பால்வழியைக் காண்பது அரிது. கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, நிலவில்லாத பின்னிரவில் மொட்டைமாடியில் நின்று தென்வானை நோக்குங்கள். வெண்புகை போன்ற ஒளிப்பட்டையும் அதனிடையே கரிய திட்டுகளும் தோன்றும். அத்திட்டுகள் வெற்றிடங்கள் அல்ல. பின்னுள்ள விண்மீன்களை மறைத்து நிற்கும் தூசும் வளிமமும் நிறைந்த முகில்கள்.

இம்முகில்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறுகளே. அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ -263 டிகிரி செல்சியஸ். அத்தகைய குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு தன் இருப்பைக் காட்டிக்கொள்வதில்லை. ஆயினும் அதனுடன் மிகச் சிறிதளவு கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு, 2.6 மில்லிமீட்டர் நீளமுள்ள வானலைகளை வெளியிடுகிறது. ஒரு சிட்டிகைப் பெருங்காயம் பானை நிறைய ரசம் இருப்பதைத் தெருவுக்கே அறிவிப்பதில்லையா? அதுபோலத்தான். 1970ஆம் ஆண்டில் ஓரியன் முகிலில் இவ்வலை முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

நம் பெங்களூரிலும் இவ்வலைகளைத் தேடினர். ராமன் ஆய்வு நிறுவன வளாகத்தில் இதற்கென 10.4 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. காற்றிலுள்ள நீராவி இவ்வலைகளை விழுங்கிவிடும். ஆதலால் மழைக்காலம் இவ்வாய்வுக்குப் பகை.

பால்வழி ஒரு சுருள் விண்மீன் திரள். அதில் இம்முகில்கள் சீராகப் பரவியிருக்கவில்லை. மையத்தில் செறிந்து, பின்னர்க் குறைந்து, மையத்திலிருந்து சுமார் 15,000 ஒளியாண்டுத் தொலைவில் வளையம்போல் மீண்டும் மிகுகின்றன. நம் கதிரவனோ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், அவ்வளையத்துக்கு வெளியே உள்ளது. ஆண்ட்ரோமீடாவின் நிலை வேறு. அதன் மையத்தில் முகில்கள் மிகக் குறைவு.

வீட்டுக்குள் நின்றுகொண்டே தெருவின் வரைபடத்தை வரைவது கடினம். பால்வழிக்குள் வாழும் நமக்கும் அதே இடர்ப்பாடு. எனவே, 1845இல் ராஸ் பிரபு சுருள்வடிவம் கண்ட நீர்ச்சுழித் திரள் போன்றவற்றை அறிஞர் நாடுகின்றனர். அது தன் முகத்தை நம் பக்கம் திருப்பி நிற்கிறது. அதன் சுருள்கரங்களை ஒட்டியே முகில்கள் அணிவகுத்துள்ளன. புதிய விண்மீன்கள் பிறப்பதும் அங்கேதான்.

அருஞ்சொற்பொருள்: வளிமம் – வாயு, முகில் – மேகம், இடர்ப்பாடு – துன்பம்.

வினாக்கள்
1. பெருங்காய உவமை எதனை விளக்குகிறது?
2. நீர்ச்சுழித் திரளை ஆராய்வது ஏன் எளிது?
3. பால்வழியைத் தம் இளமையில் எங்கே, எவ்வாறு கண்டனர் எனத் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.