சிறையினின்று சமுதாயத்துக்கு: படிப்படியாக மீளும் நெறி

நீதிமன்று ஒருவனுக்குத் தண்டனை விதிக்கும்போது அவன் சிறையிற் புகும் நாளைப்பற்றி எல்லோரும் பேசுகின்றனர். அவன் வெளிவரும் நாளைப்பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், சிறை புகுவோருள் ஒரு சிலர் நீங்க ஏனையோர் யாவரும் ஒருநாள் வெளிவரவே போகின்றனர். வந்து நம் அயலிலும், நம் தெருவிலும், நம் தொழிலிடங்களிலும் வாழப் போகின்றனர். ஆகவே அவர்கள் எவ்வாறு வெளிவருகின்றனர் என்பது அவர்களுக்கு மாத்திரமன்றி நமக்கும் உரிய வினாவாகும். தண்டனை முடியுமுன்னரே கைதியைப் படிப்படியாகச் சமுதாயத்துடன் மீளச் சேர்க்கும் முறைபற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், இம்முறை வேண்டப்படுவது ஏன் என்பதை நோக்குவோம். சிறைவாழ்வு ஒருவனுடைய சுதந்திரத்தை மாத்திரம் பறிப்பதில்லை; தானே எண்ணித் தானே முடிவு செய்யும் பழக்கத்தையும் பறிக்கின்றது. எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம், செய்யும் வேலை யாவும் பிறரால் வகுக்கப்படுகின்றன. பத்தாண்டு இவ்வாறு வாழ்ந்தவன் ஒருநாட் காலையிலே பொரளை பேஸ்லைன் வீதியில் விடப்படுகின்றான். பஸ் கட்டணம் எவ்வளவென்பதை அவன் அறியான். தொழில் இல்லை, தங்கும் இடம் உறுதியில்லை. மனைவி மக்கள் அவனின்றி வாழப் பழகிவிட்டனர். அந்நிலையில் அவனைத் தேடி வந்து தோளிற் கைபோடுவோர் பெரும்பாலும் பழைய கூட்டாளிகளே. அவன் மீண்டும் தவறுவானாயின் வியப்பென்ன? பல மாதம் படுக்கையிற் கிடந்த நோயாளியை நல்ல மருத்துவர் முதலில் எழுந்திருக்கச் செய்வார்; பின்னர் நிற்கச் செய்வார்; அதன்பின்னரே நடக்கவிடுவார். சிறையினின்று மீள்வோனுக்கும் அத்தகைய படிகள் வேண்டும்.

இக்கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1840 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மக்கொனொக்கி என்னும் கடற்படை அதிகாரி, அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள நோர்போக் தீவிலே கைதிகளைப் பொறுப்பேற்றார். உழைப்பாலும் நன்னடத்தையாலும் கைதி புள்ளிகளை ஈட்டித் தன் விடுதலையைத் தானே நெருங்கலாம் என்னும் முறையை அவர் அங்கு வகுத்தார். அவரது கருத்தை வளர்த்தவர் 1854 இல் அயர்லாந்தின் சிறை நிருவாகத்திற் பொறுப்பேற்ற வோல்ற்றர் குறொப்ற்றன் ஆவார். அவர் தண்டனையின் இறுதிப் பகுதிக்கென இடைநிலைச் சிறையொன்றை டப்ளின் நகருக்கு அணித்தாயுள்ள லஸ்க் என்னும் ஊரில் அமைத்தார். அங்கே மதிலில்லை, காவலர் சிலரே. கைதிகள் குடில்களில் வாழ்ந்து நிலத்தைப் பண்படுத்தினர். அவர்களுக்குப் பாடம் புகட்டிய ஜேம்ஸ் ஓர்கன் என்பவர் தொழில் வழங்குவோரின் வாயில்தோறும் சென்று, விடுதலை பெறுவோருக்கு வேலை தேடிக் கொடுத்தார். வேலை பெற்றபின்பும் அவர்களைச் சென்று கண்டு வந்தார். சட்டம் கதவைத் திறக்கலாம்; ஆனால் மறுபுறத்தில் ஒரு மனிதன் நின்று கைகொடுத்தாலன்றி அக்கதவு திறந்தும் பயனில்லை என்பதை ஓர்கனின் பணி நமக்கு உணர்த்துகின்றது.

நம் காலத்தில் இந்நெறி உலக நாடுகளின் பொது நெறியாகவும் ஏற்கப்பட்டுள்ளது. 1955 இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்டு, 2015 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையாலே திருத்தி ஏற்கப்பட்ட குறைந்தபட்ச விதிகள் ‘நெல்சன் மண்டேலா விதிகள்’ எனப் பெயர் பெற்றுள்ளன. அவற்றுள் 87 ஆவது விதி, தண்டனை முடியுமுன்னரே கைதி சமுதாய வாழ்வுக்குப் படிப்படியாகத் திரும்ப வழிசெய்தல் விரும்பத்தக்கது என்கின்றது. மண்டேலாவின் வாழ்விலேயே இதற்கோர் உதாரணம் உண்டு. அரசியற் காரணம் பற்றியே அது நிகழ்ந்ததெனினும், விடுதலைக்கு முன்னர் அவரைக் காரில் ஏற்றிக் கேப் ரவுன் நகரைச் சுற்றிக் காட்டினர். 1988 டிசம்பர் முதல் 1990 பெப்ரவரியில் விடுதலையாகும் வரையில், சிறை எல்லைக்குள்ளேயே தனி வீடொன்றில் அவரை வாழவிட்டனர்.

இனி நம் நாட்டை நோக்குவோம். வெலிக்கடைச் சிறைச்சாலை 1841 இல் எழுந்தது. சிறைகள் பற்றிய நமது அடிப்படைச் சட்டம் 1877 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அக்காலத்து நோக்கம் அடைத்து வைத்தலும் அஞ்சச் செய்தலுமேயாம். சுதந்திரத்தின் பின்னர், 1950 களின் தொடக்கத்தில், கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையிலே திறந்தவெளிச் சிறை முகாம் அமைந்தது. நம்பத் தகுந்த கைதிகள் அங்கே உயர்ந்த மதில்களின்றிக் கமத்தொழில் செய்தனர். பின்னர் வேறிடங்களிலும் அத்தகைய முகாம்கள் தோன்றின.

இதனோடு மூன்று வழிகள் சேர்ந்தன. முதலாவது, வீடு செல்லும் விடுமுறை. தகுதியுடைய கைதி சில நாள் தன் குடும்பத்தாருடன் வாழ்ந்து மீள்கின்றான். இரண்டாவது, வெளித்தொழில் முறை. தண்டனையின் இறுதிப் பகுதியிலுள்ளவன் வெளியேயுள்ள தொழிலிடத்தில் வேலை செய்து கூலி பெறுகின்றான். மூன்றாவது, அனுமதிப்பத்திர விடுதலை. நிபந்தனைகளுக்கு அமைந்து, சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரின் கண்காணிப்பில், எஞ்சிய காலத்தை அவன் தன் ஊரிலேயே கழிக்கின்றான். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகள் போன்றவை. முதலாவது குடும்பத்தையும், இரண்டாவது தொழிலையும், மூன்றாவது ஊரையும் அவனுக்கு மீட்டுத் தருகின்றன.

அயல்நாடாகிய இந்தியா இவ்வழியில் இன்னுஞ் சற்று முன்சென்றுள்ளது. இராசத்தானில் ஜெய்ப்பூருக்கு அண்மையிலுள்ள சங்கானேரில் 1963 இல் தொடங்கிய திறந்த சிறையிலே கைதிகள் தம் மனைவி மக்களுடன் குடியிருக்கின்றனர். நகருக்குள் தொழில் செய்து தாமே உழைத்துண்கின்றனர். நாள்தோறும் குறித்த வேளையிற் பெயர் கூப்பிடும்போது வந்து நிற்றலே அவர்களுக்குரிய முதற் கட்டுப்பாடு. அவர்களுட் கொலைக்குற்றத்துக்கு ஆயுட்டண்டனை பெற்றோரும் உளர்.

‘குற்றஞ் செய்தவனுக்கு இத்தனை சலுகையா? பாதிக்கப்பட்டவனுக்கு நீதி எங்கே?’ என்று கேட்போர் உளர். அவர்களின் கேள்வி நேர்மையானதே. தீங்குற்றவனின் துயரை மறந்து செய்யப்படும் இரக்கம் இரக்கமாகாது. ஆனால் நாம் கூறுவது தண்டனையை நீக்குதலன்று. அதன் இறுதிப் பகுதியைப் பயனுடையதாக்குதலே. இங்கே தெரிவும் கண்காணிப்பும் நிபந்தனையும் உள. நிபந்தனையை மீறுவோன் மீண்டும் சிறை செல்கின்றான். இதற்கு மாறாக, ஆயத்தமின்றித் திடீரென வெளிவருவோனை எவருங் கண்காணிப்பதில்லை. வெசாக் தினத்திலும் சுதந்திர தினத்திலும் வழங்கப்படும் பொதுமன்னிப்பு கருணையின்பாற் பட்டதே. ஆயினும் ஆயத்தமில்லாத கருணை கைதியை வாயிலோடு விட்டுவிடுகின்றது. அவனுக்கும் ஊருக்கும் பாதுகாப்பானது படிப்படியான வழியே.

மற்றொரு குறையும் உண்டு. நமது சிறைகள் தமக்குரிய இடவசதியினும் இருமடங்குக்கு மேற்பட்டோரைத் தாங்கி நிற்கின்றன. அங்குள்ளோரிற் பெருந்தொகையினர் தீர்ப்புப் பெறாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்று நுழைவோரிலும் பெரும்பகுதியினர் தண்டப்பணம் செலுத்த இயலாத ஏழைகள். குறுகிய காலம் இருந்து செல்லும் இவர்களுக்கு மேற்கூறிய படிகள் எட்டுவதில்லை. இத்தகையோர் சிறை புகாமலே சமுதாயத்திற் பணிசெய்து திருந்தும்பொருட்டு 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் ஆக்கப்பட்டது. நெரிசல் குறைந்தாலன்றி, நீண்டகாலக் கைதியொருவனைத் தனியே அறிந்து ஆயத்தஞ்செய்ய எந்த உத்தியோகத்தருக்கும் நேரம் கிடையாது.

தமிழ் மக்களாகிய நமக்கு இப்பொருள் எளிதானதன்று. 1983 யூலை 25 ஆம், 27 ஆம் திகதிகளில் வெலிக்கடையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அப்பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சு கலங்குதல் இயல்பே. ஆயினும் அத்துயரம் நம்மைச் சிறையினின்று முகந்திருப்பச் செய்தலாகாது. மதிலுக்குள் நிகழ்வதை வெளியேயுள்ளோர் கருத்தோடு நோக்குதல் எத்துணை இன்றியமையாதது என்பதையே அது நமக்குக் கற்பித்தல் வேண்டும்.

நம் முன்னோர் இதனைச் சிந்தித்திருந்தனர். மணிமேகலைக் காப்பியத்திலே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்றொரு பகுதி உண்டு. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை புகாரின் சிறையுட் புகுந்து பசித்தோருக்கு உணவளிக்கின்றாள். மன்னன் அவளை அழைத்து வேண்டுவது யாதென வினவ, அச்சிறையையே அறம் நிகழும் இடமாக்குமாறு கேட்கின்றாள். தனக்கென அவள் ஒன்றும் கேட்டிலள்.

நம்மாற் செய்யத்தக்கது யாது? நம் பழைய மாணவருள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாணிபம் செய்வோர் பலர்; சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், மருத்துவர்கள் பலர். தொழிலிடம் உடையோர், கண்காணிப்போடு வரும் ஒருவனுக்கேனும் வேலை தர முன்வரலாம். சட்டத்தரணிகள், விண்ணப்பம் எழுத இயலாத ஏழைக் கைதிக்கு அனுமதிப்பத்திர விடுதலைக்கான வழியை விளக்கலாம். ஆசிரியர்கள், இளங்கைதிகளுக்குத் தமிழிற் பாடம் கற்பிக்கச் சிறைச்சாலை அதிகாரிகளின் இசைவை நாடலாம். சொந்த மொழியிற் பேசி வழிகாட்டுவார் இல்லாதவனுக்குச் சிறை இருமடங்கு சிறையாகும். மாணவர்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: தந்தை சிறையிலிருக்கும் ஒரு பிள்ளை வகுப்பிலிருந்தால், அப்பிள்ளையை ஒதுக்காதிருத்தல். அவன் தந்தை திரும்பிவரும் வீடு பழியிற் குன்றாத வீடாக இருத்தல் அதனால் இயலும்.

தண்டனையின் நாட்களை நீதிமன்று எண்ணித் தருகின்றது. அவை முடிந்தபின்னும் ஒருவனைக் குற்றவாளியென்றே ஒதுக்குவோமாயின், எந்த நீதிமன்றும் விதியாத ஆயுட்டண்டனையை நாமே விதித்தவராவோம்.