பூட்ஸுக்கு அடி தேர்ந்தெடுத்தல்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி, தன் தூய்மைக் காவலர்கள் பன்னிரண்டு பேருக்கும் தோல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது. குப்பையைத் தரம் பிரிக்கும்போது உடைந்த கண்ணாடியும் துருவேறிய தகரமும் காலைக் கிழித்துவிடுகின்றன என்பதே காரணம். நோக்கம் நல்லது, பணமும் ஒழுங்காகவே செலவாயிற்று. பளபளப்பான மேல்தோல், கணுக்காலை மூடும் உயரம், கனத்த அடி. பார்த்தவர் யாவரும் பாராட்டினர். இரண்டாவது வாரம் நாம் பார்வையிடச் சென்றபோது, பன்னிருவரில் ஒன்பது பேர் வெறுங்காலுடன் கொட்டகையில் நின்றார்கள். பூட்ஸ் எங்கே என்று கேட்டோம். வயதில் மூத்த அம்மையார் ஒருவர், "ஐயா, அது காலைக் காப்பாத்துது, இல்லேங்கல. ஆனா காலு அதைத் தாங்கலையே" என்றார். மறுமாதம் அவருடைய பாதத்திலேயே கண்ணாடித் துண்டு ஏறி, தையல் போடவேண்டியதாயிற்று.

அந்தக் கொள்முதல் கோப்பில் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர். கோப்பில் மேல்தோலின் நிறம் இருந்தது, உயரம் இருந்தது, விலை இருந்தது. அடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாள் முழுவதும் உடலின் பாரத்தைத் தாங்குவது அடிதான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு, சந்தைப்பேட்டையில் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் முதியவர் ஒருவரிடம் அந்த பூட்ஸில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் மேல்தோலைத் தொடவே இல்லை. முனையை ஒரு கையாலும் குதியை மறு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தார், வளையவில்லை. பலங்கொண்டு அழுத்தியபோது நட்டநடுவில், பாதக் குழிவுக்கு நேரே மடிந்தது. "மனுசன் காலு இங்கேயா மடங்குது?" என்று எங்களைக் கேட்டார்.

இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போது பாதம் மடிவது விரல்களின் அடிமூட்டுகள் இருக்கும் அகன்ற பகுதியில்தான். பூட்ஸின் அடியும் அங்கேயே மடியவேண்டும். அதற்கும் குதிக்கும் இடைப்பட்ட பகுதி விறைப்பாக நிற்கவேண்டும். அங்கே வளைந்துகொடுக்கும் அடி, பாதக் குழிவை நோகச் செய்யும். குதி உயர்ந்த பூட்ஸில் இதற்காகவே நடுப்பகுதியில் இரும்புத் தகடு ஒன்றை உள்ளே வைத்துத் தைப்பது உண்டு. ஈரத்துணியைப் பிழிவதுபோல் பூட்ஸை முறுக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. எளிதில் முறுக்கிக்கொள்ளும் அடி, வரப்பிலும் கல்லாங்குத்திலும் காலைப் பிசகச் செய்யும்.

அடி என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே பொருளன்று. பாதம் நேரே படுவது உள்ளடி. தரையில் தேய்வது வெளியடி. இரண்டுக்கும் நடுவே மெத்தையாக ஒன்று இருக்கலாம். உள்ளடிக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே ஏற்றது. பழைய நாளில் தமிழ்நாட்டின் தோல் ஷெட்டுகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டன. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள இத்தகைய தோல் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். சில வாரங்களில் பாதத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தானே படிந்துவிடும். விலை குறைந்த பூட்ஸில் இதன் இடத்தில் அழுத்திய காகித அட்டையை வைத்துவிடுகிறார்கள். புதிதில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு மழைக்காலம் கடந்தால் அட்டை ஊறிப் பொடிந்து, காலுக்கடியில் மண்கட்டிபோல் உறுத்தும். ஆகையால் தைக்குமுன் உள்ளடித் துண்டைக் கையில் வாங்கி, வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோலானால் நார் நாராகத் தெரியும். அட்டையானால் நகத்தால் கீறினாலே தாள் தாளாக உரியும்.

வெளியடிக்கும் தோலே போடலாமா என்று சிலர் கேட்பர். எருமைத் தோலில் 5 மில்லிமீட்டர் கனத்தில் அடி போட்டால் காற்றோட்டம் நன்றாக இருக்கும்; காய்ந்த தரையில் அதைப்போல் சுகமானது வேறில்லை. ஆனால் பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீர் குடிக்கும். ஈரத்தில் ஊறினால் விரைவில் தேயும், வழுக்கும். இந்தக் குறை நம் முன்னோர் அறியாததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறையைச் சோதித்தபோது, அந்தத் தோலுக்கு அவர் கண்ட முதல் பயன்களில் ஒன்று கவலை இறைக்கும் சால்! நீரிலேயே கிடந்தாலும் பட்டைத் தோலைவிட அது தாக்குப்பிடித்தது. இன்று பூட்ஸின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் தோலாக இருப்பதற்கு அதன் மென்மையோடு இந்தக் குணமும் காரணம். அடிக்கோ, பாய்ச்சல் காடும் வாய்க்கால் கரையும் மிதிப்பவர்கள் ரப்பரையே நாடவேண்டும்.

ரப்பரில் பல வகை. கிராமத்தில் எளிதில் கிடைப்பது பழைய டயர். தேய்மானத்தில் அதை வெல்ல வேறொன்றில்லை. ஆனால் எந்த டயர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நைலான் நூல் வைத்த பழைய வகை லாரி டயர் நல்லது. ரேடியல் டயராயின் உள்ளே எஃகுக் கம்பி இருக்கும். அடி தேயத் தேய அந்தக் கம்பி நுனி வெளிப்பட்டு, முள்ளைத் தடுக்க வந்ததே முள்ளாகிவிடும். டயர் அடி கனமானது என்பதையும் மறக்கலாகாது. முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைவிடக் காலில் கட்டிய ஒரு கிலோ பல மடங்கு களைப்பைத் தரும். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கிவைக்க வேண்டியிருக்கிறதல்லவா? விரல்மூட்டுக்கு நேரே 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை கனம் போதும். அதற்கு மேலிருப்பதைச் சீவிவிடச் சொல்லுங்கள்.

கிரேப் ரப்பர் அடி மிக மெத்தென்று இருக்கும். ஆயினும் வெயிலில் இளகும், டீசலோ மசகெண்ணெயோ பட்டால் உப்பிக் கெடும். டிராக்டர் ஓட்டுபவர்களும் மோட்டார் அறையில் வேலை செய்பவர்களும் அதை விட்டுவிடலாம். கடைகளில் விற்கும் பாலியூரித்தேன் அடி இலேசானது, சுகமானது. அதில் ஒரு விந்தையான குறை உண்டு: அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் சில ஆண்டுகளில் தானே பொடிந்துவிடும். திருவிழாவுக்கென்று பரணில் பத்திரப்படுத்திய காலணி, கோயில் வாசலுக்குப் போகும் வழியிலேயே கேக்குபோல் உதிர்ந்த கதையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பி.வி.சி. பிளாஸ்டிக் அடி மலிவு. வளையாது, வெயிலில் சுடும், ஈரத்தில் வழுக்கும். அந்தப் பன்னிரண்டு ஜோடிக்கும் இருந்தது இந்த அடிதான்.

உணர்ச்சி குறைந்த கால்

சந்தைப்பேட்டை முதியவர் எவரிடமும் முதலில் கேட்பது, "கால்ல உணர்ச்சி நல்லா இருக்குதா?" என்பது. இதை நாம் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நீரிழிவு நோய் இப்போது கிராமத்தை விட்டுவைக்கவில்லை. நோய் முற்றியவர்களுக்குப் பாதத்தில் வலி தெரியாமற்போகிறது. வலி தெரியாதவருக்கு எந்த அடியும் சுகமாகவே தோன்றும். கொப்புளம் எழுந்து, புண்ணாகி, சீழ் வைத்த பிறகே வீட்டார் கண்ணில் படும். சிலர் விரலையும் சிலர் காலையும் இழப்பது இவ்வாறுதான்.

இதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சி நம் மாநிலத்திலேயே நடந்தது. 1946-ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்தனர். சதை தானாக அழுகுவதில்லை. உணர்ச்சியற்ற காலில் ஓரிடத்திலேயே மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும் கவனியாத காயமுமே புண்ணுக்குக் காரணம் என்று கண்டனர். அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிக் கொடுக்க, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரை உள்ளடியாக வைத்தனர். எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. பின்னாளில் நீரிழிவு நோயாளிகளுக்கும் அது பயன்பட்டு வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எம்.சி.ஆர். மெத்தையை மட்டும் நம்பித் தோட்டத்துக்குப் போகலாகாது. சீமைக் கருவேல முள் அதில் வெண்ணெயில் ஊசி இறங்குவதுபோல் இறங்கும். உள்ளே மெத்தை, வெளியே கெட்டி ரப்பர், இரண்டுக்கும் நடுவே ஒரு தோல் என்று மூன்றடுக்காகப் போடச் சொல்லவேண்டும். உணர்ச்சி குறைந்தவரின் அடியில் ஓர் ஆணிகூட இருக்கலாகாது. ஒட்டும் தையலும் மட்டுமே. அணியுமுன் நாள்தோறும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும், கழற்றியபின் அடியில் முள் தைத்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதும் வீட்டாருள் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். பாதத்தில் ஏற்கெனவே புண் இருந்தால் செருப்புக் கடைக்குமுன் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அளவும் தையலும்

அளவு கொடுக்க மாலை வேளையே ஏற்றது. நடந்து நின்று உழைத்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் கொடுத்த அளவு மாலையில் இறுக்கும். உட்கார்ந்தபடி காலை நீட்டாமல், தாளின்மேல் நின்று, பாரம் முழுவதும் இறங்கியபின் வரையச் செய்யுங்கள். பென்சில் நேராக நிற்கவேண்டும். சாய்ந்தால் அளவு குறையும். இரண்டு காலையும் வரைதல் அவசியம். இரண்டும் ஒன்றே என்று நாம் நினைத்திருப்போம், பெரும்பாலோருக்கு அப்படியில்லை. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வேலைக்குப் போட்டுத் தேய்த்த பழைய செருப்பைக் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே தொழில் தெரிந்தவர் உங்கள் நடையைச் சொல்லிவிடுவார்.

வெறும் பசையால் ஒட்டிய அடி தேய்ந்தால் பூட்ஸையே தூக்கி எறியவேண்டியிருக்கும். சுற்றிலும் தோல்வார் வைத்து, மெழுகு நூலால் தைத்த அடியை மேல்தோலுக்குச் சேதமின்றிப் பிரித்து மாற்றலாம். கூலி கூடுதல்தான். ஆனால் ஒரே மேல்தோலுக்கு இரண்டு மூன்று முறை அடி மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்கிட்டால் அது செலவாகத் தோன்றாது. பட்டைத் தோலில் இரும்பாணி வேண்டாம். ஈரத்தில் இரும்பும் பட்டைச் சாறும் சேர்ந்து தோல் கறுத்து, ஆணியைச் சுற்றி இற்றுப்போகும். பித்தளை ஆணி கேளுங்கள். நனைந்த பூட்ஸை அடுப்போரமோ வெயிலிலோ வைக்காமல், உள்ளே தாளை அடைத்து நிழலில் உலர்த்தவேண்டும். புதிய பூட்ஸை முதல் வாரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போடலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். விலைப்புள்ளி கோரும்போது "தோல் பூட்ஸ், 12 ஜோடி" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். உள்ளடி என்ன தோல், எத்தனை மில்லிமீட்டர், வெளியடி என்ன பொருள், ஒட்டா தையலா, அளவு ஆளுக்கு ஆள் எடுக்கப்படுமா என்பவற்றைத் தீர்மானத்திலேயே சேருங்கள். முதலில் ஒரே ஒரு ஜோடி செய்வித்து, அதை அணியவேண்டியவரிடமே பத்து நாள் கொடுத்துப் பாருங்கள். நாம் முன்பு சொன்ன ஊராட்சியில் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம். சோதனை ஜோடியை அந்த மூத்த அம்மையாரே அணிந்தார். பத்தாம் நாள், குதி அரை விரற்கடை உயரம் என்றும் இடது கால் சுண்டுவிரல் உரசுகிறது என்றும் சொன்னார். குதியைச் சீவி, அச்சுக்கட்டையில் சுண்டுவிரல் பக்கம் ஒரு தோல் துண்டை ஒட்டி அகலமாக்கிய பிறகே மற்றப் பதினொன்றையும் அவரவர் அளவுக்குத் தைக்கச் சொன்னோம்.