சவ்வை ஈரத்தில் பாருங்கள்

ஆர்.ஓ. சவ்வை ஆராய வரும் பிள்ளைகளிடம் முதல் வாரமே நான் சொல்லிவிடுபவை இவை. கருவியை இயக்க ஒரு மாதத்தில் பழகிவிடலாம். சவ்வைத் தொடும் கைக்குப் பக்குவம் வர ஓராண்டு ஆகும்.

1. கையில் இருப்பது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைத் தாள் போல இருப்பது ஒன்றல்ல, மூன்று அடுக்கு. அடியில் பாலியெஸ்டர் துணி. நடுவில் 40, 50 மைக்ரான் தடிமனில் துளை நிறைந்த பாலிசல்ஃபோன். பளபளக்கும் முகத்தில் 100, 200 நானோமீட்டர் பாலியமைடு. உப்பைத் தடுப்பது இந்த மேல்தோல்தான். மற்ற இரண்டும் அதைத் தாங்கிப் பிடிப்பவை.

2. துண்டு வெட்டியதும் ஒரு மூலையைக் கத்தரித்து முகத்தை அடையாளம் செய்யுங்கள். 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜனும் செய்த செல்லுலோஸ் அசிட்டேட் சவ்விலேயே ஒரு முகம் நெருக்கம், மறுமுகம் துளை. நெருக்கமான முகம் உப்புநீரைப் பார்த்திருக்க வேண்டும். ஈரத்தில் இரு முகமும் ஒன்றாகத்தான் தெரியும்.

3. புத்தகங்கள் ‘வீக்கம்’ என்கின்றன. எனக்கு ‘ஊறல்’ என்று சொல்லவே பிடிக்கும். வீக்கம் நோய்க்குச் சொல்வது; ஊறுவது சவ்வின் இயல்பு. பாலிமர்ச் சங்கிலிகளுக்கு நடுவே நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது. அளவாக விலகினால் நீர் தாராளமாக ஓடும். அதிகம் விலகினால் உப்பும் கூடவே வரும். அசிட்டேட் சவ்வை வெந்நீரில் போட்டுச் சுருக்கி உப்பைத் தடுக்கவைத்தது இதனால்தான்.

4. எடை போட்டு ஊறலை அளக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 2 சென்டிமீட்டர் சதுரத் துண்டில், 100 நானோமீட்டர் பாலியமைடின் எடை ஏறக்குறைய 0.05 மில்லிகிராம். நம் தராசின் கடைசி இலக்கமே 0.1 மில்லிகிராம். அந்தத் துண்டை ஊறவைத்து எடை போட்டால் தெரிவது துணியும் பாலிசல்ஃபோனும் குடித்த நீர். மேல்தோல் குடித்தது அந்தக் கணக்கில் வரவே வராது. இப்படி அளந்த எண்ணைப் பாலியமைடின் ஊறல் என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். இதில் மட்டும் நான் கடுமையாக இருப்பேன்.

எலெக்ட்ரோடயாலிசிஸுக்கான அயனிச் சவ்வு தடிமனானது. அதற்குத் தராசு போதும். ஆனால் கவனியுங்கள். நீரிலிருந்து எடுத்து, வடிதாளில் இரு முகமும் ஒற்றித் தட்டில் வைத்ததுமே எண் இறங்கத் தொடங்கும். கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது; நீர் உலர்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 10 நொடிக்கு ஒருமுறை குறித்து, ஒரு நிமிடத்துக்குப் பின் கோடு போட்டுத் தொடக்க நொடிக்குப் பின்னோக்கி நீட்டுங்கள். ஒற்றுவது கடைசி வரை ஒரே ஆளாக இருக்கட்டும். ஒருவர் அழுத்தம் இன்னொருவருக்கு வராது. எந்த அயனியோடு ஊறவைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். லித்தியத்தோடு ஊறும் அளவு சவ்வு பொட்டாசியத்தோடு ஊறாது.

5. மேல்தோலின் ஊறலை அளக்க அதிரும் குவார்ட்ஸ் படிகம் வேண்டும். துணியை உரித்துவிட்டு, பாலியமைடு முகம் படிகத்தில் படியும்படி வைத்து, பாலிசல்ஃபோனை டைமெத்தில் ஃபார்மமைடில் கரைத்தெடுங்கள். கையுறையும் புகைக்கூண்டும் இல்லாமல் அந்தக் கரைப்பானைத் திறக்கக் கூடாது. 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறினால் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் குறையும். உலர்ந்த தோலுக்கே 700 ஹெர்ட்ஸுக்கு மேல் குறையும். பிறகு ஈரக்காற்றை மெல்ல உள்ளே விடுங்கள். தோல் நீரைக் குடிப்பதைத் திரையிலேயே பார்க்கலாம். அதை முதன்முதல் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

6. சவ்வைக் காயவிடாதீர்கள். இளவயதில் ஒருமுறை அல்ட்ராஃபில்ட்ரேஷன் துண்டுகளை மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க விட்டுவிட்டேன். மறுநாள் நனைத்தபோது பழைய துண்டு போலவே இருந்தது. நீர் மட்டும் முன்போல் இறங்கவில்லை. நீர் வெளியேறும்போது துளைச் சுவர்களை இழுத்து ஒட்டவைத்துவிடும். மூன்று மாத அளவீட்டைத் திரும்பச் செய்தேன். காயவைத்தே ஆக வேண்டுமென்றால், நீருக்குப் பதில் முதலில் எத்தனால், பிறகு ஹெக்சேன் என்று மாற்றி உலர்த்துங்கள்.

7. மின்னணு நுண்ணோக்கிப் படம் அழகாக இருக்கும், மயங்கிவிடாதீர்கள். வெற்றிடத்தில் உலர்ந்து, சில நானோமீட்டர் தங்கம் பூசிய சவ்வு அது. மேட்டுமடிப்புகள் பலவும் உள்ளே வெறும் கூடு. படத்தில் அளந்த உயரத்தை அப்படியே தோலின் தடிமன் என்று கொள்ள முடியாது. குறுக்குவெட்டு வேண்டுமென்றால் துணியை உரித்த பிறகே திரவ நைட்ரஜனில் முறியுங்கள். துணி முறியாது, கிழியும். மேலிருக்கும் அடுக்குகளையும் இழுத்துச் சிதைத்துவிடும்.

8. குழாய்நீர் வேண்டாம். குளோரின் பாலியமைடை அரிக்கும்.

9. மீந்த துண்டுகளை 1 சதவீத சோடியம் பைசல்ஃபைட் கரைசலில் மூழ்கவிட்டு, தேதியும் முகக்குறியும் எழுதி, குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். உறைபெட்டியை ஒட்டிய தட்டில் வைத்தால் பனி கட்டும். கட்டிய துண்டை எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டுங்கள்.