காயப்பட்ட ஓட்டக்காரனும் கடன்பட்ட கடைக்காரனும்

நெடுந்தூர ஓட்டக்காரனையும் வியாபாரியையும் ஒரே நோய் பீடிப்பதாக எனக்குத் தோன்றும். காலில் வலி எடுத்தாலும் பந்தயத் திகதி மாறாது. கல்லாப் பெட்டி காலியானாலும் செக்கில் எழுதிய திகதி மாறாது. இருவரும் வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கனமூலை, மதுரங்குளிப் பக்கத்துக் கடைக்காரர்களோடு பேசும்போது நான் சொல்லும் சில உதாரணங்களை இம்முறை எழுதுகிறேன்.

1964 ஒக்டோபர் 14. டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டம். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் வென்றார். எமது நாட்டு இராணுவ வீரர் ரணதுங்க கருணானந்த சுகவீனத்தோடு களமிறங்கியிருந்தார். மற்றவர்கள் ஓட்டத்தை முடித்து நின்ற பின்னரும், 67ஆம் இலக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு அவர் தனியே ஓடினார். முதலில் சிரித்த கூட்டம் பிறகு கைதட்டியது. 34 நிமிடம் 21.2 செக்கனில், கடைசி ஆளாக அவர் முடித்தார். ஜப்பானியர் இதைப் பாடசாலைப் புத்தகத்திலும் சேர்த்தார்கள்.

நம்மவர்கள் இக்கதையைச் சொல்லி, "விடாமல் ஓடு" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. அவர் மில்ஸைத் துரத்தவில்லை. இடத்தை விட்டார், நேரத்தை விட்டார், தூரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். இன்றைய உடம்புக்கு எந்த இலக்கு தாங்கும் என்று பார்த்து, அந்த ஒன்றை நிறைவேற்றினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் மரதனுக்கு உலக சாதனையாளராகச் சென்றவர் பிரித்தானியாவின் போலா ரட்கிளிஃப். சில நாட்களுக்கு முன்தான் காலில் காயம். அதற்கு எடுத்த மருந்து வயிற்றைக் கெடுத்தது. சுமார் 36ஆவது கிலோமீற்றரில் அழுதுகொண்டே நின்றுவிட்டார். ஐந்து நாள் கழித்து 10,000 மீற்றருக்கு இறங்கினார். அதையும் முடிக்க முடியவில்லை. பந்தயத்தை மாற்றினாரே தவிர உடம்பு மாறவில்லை. ஒரு கடையை மூடிவிட்டு, அதே கடனோடு அடுத்த தெருவில் இன்னொன்றைத் திறப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஐந்து நாள்தான் ஞாபகம் வரும். அவர் பிறகு ஓய்வெடுத்து, நவம்பர் 7இல் நியூயோர்க் மரதனை வென்றார்.

அப்படியானால் எப்போது ஓடுவது, எப்போது நிற்பது? ஓட்டக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு காலிலும் பரவலாக இருந்து, நடக்க நடக்க இளகி, இரண்டு மூன்று நாளில் மறையும் வலி வெறும் அசதி. ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாய், ஓட ஓடக் கூடி, படுத்தாலும் விடாத வலி எலும்பின் வலி. அது மயிரிழை வெடிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வெடுத்தால் பொருந்திவிடும். அதன் மேலேயே ஓடினால் முறிந்துவிடும்.

கடையிலும் இதே பிரிவு இருக்கிறது. பெருநாள் முடிந்து ஊரே கையைச் சுருக்கும் மாதத்தில் விற்பனை குறைவது அசதி. அது எல்லாச் சாமானிலும் ஒரேயடியாகத் தெரியும், தானாகவே மீளும். ஆனால் ஒரே ஆளிடம் முடங்கிய கடன், ஒரு செக்கை மாற்ற இன்னொரு செக் எழுதும் பழக்கம், விற்க விற்க நட்டம் கூடும் ஒரு சாமான் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது வெடிப்பு. அதன் மேல் கொள்வனவைக் கூட்டுவது வேண்டாம்.

"செக் திரும்பினால் பேர் போய்விடுமே நானா" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். திரும்பிய பிறகு போய் நின்றால்தான் பேர் போகும். திகதிக்கு முன்பே மொத்த வியாபாரியிடம் நேரில் போய், "முழுத்தொகை இல்லை, இவ்வளவு இன்று, மீதி இந்தந்தத் திகதிகளில்" என்று எழுத்தில் கொடுங்கள் என்றேன். அவருக்கும் உங்கள் பணம் வரவேண்டும். வராத செக்கை விட வரும் தவணை அவருக்கு மேல்.

நிற்பது என்றால் படுத்துவிடுவதும் அல்ல. காலில் வெடிப்பு விழுந்தவர்கள் ஆழமான நீரில் மிதந்துகொண்டு ஓடுவது போல் காலை அசைத்துப் பயிற்சி செய்வார்கள். எலும்பில் பாரம் விழாது, மூச்சு தளராது. நமக்கு அது ரொக்கத்துக்கு விற்று ரொக்கத்துக்கு வாங்கும் அன்றாடச் சாமான். அரிசி, சீனி, பருப்பில் பெரிய இலாபம் கிடையாது. கதவு திறந்திருக்கும், வாடிக்கையாளர் வேறு படி ஏறமாட்டார், அவ்வளவுதான். மீண்டும் ஓடத் தொடங்கும்போதும் வாரத்துக்கு ஏறத்தாழ பத்து வீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது பழைய பயிற்சியாளர்களின் வாய்க்கணக்கு. கடன் கொள்வனவைக் கூட்டுவதற்கும் அந்த வேகம் போதும்.

இது வெளிநாட்டுக்காரரின் வித்தை என்று நினைப்பவர்கள் நமது இறால் பண்ணைகளைப் பார்க்கட்டும். 1996இல் வெண்புள்ளி நோய் புத்தளம், சிலாபம் கரையோரப் பண்ணைகளைப் புரட்டிப் போட்டது. ஒரு குளம் வெளியே விட்ட நீரையே அடுத்த குளம் உள்ளே எடுத்தது. நோய் தெரிந்தும் ஆளுக்காள் அவசரமாகக் குஞ்சு விட்டவர்கள் இரண்டாம் முறையும் இழந்தார்கள். பின்னர் பகுதி பகுதியாகத் தவணை வைத்து வளர்க்கும் பயிர்க் கலண்டர் வந்தது. தவணை இல்லாத காலத்தில் குளத்தைக் காயவிட வேண்டும், பரிசோதித்த குஞ்சுகளையே விடவேண்டும். வருடம் முழுக்க அறுவடை என்ற பழைய இலக்கு அதோடு போனது. காய்ந்து கிடக்கும் குளத்தைப் பார்த்து ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் நிறையப் பேர். இன்று நம் கரையோரத்தில் குளத்தில் நீர் நிரப்பும் முன் எங்கள் பகுதிக்கு எப்போது தவணை என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.