சுங்கவரியும் சுன்னாகச் சந்தையும்

சுங்கவரி என்றதும் கொழும்புத் துறைமுகமும் அதன் பண்டசாலைகளுமே மாணவர் மனக்கண்முன் தோன்றும். ஆயின், அவ்வரியின் ஏற்றவிறக்கத்தை அறிதற்கு நாம் அத்துணைத் தூரஞ் செல்லவேண்டியதில்லை. எமது சுன்னாகச் சந்தையிலே ஒரு மூடை வெங்காயத்தின் விலையை விசாரித்தாற் போதும்.

1970ஆம் ஆண்டிற் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. குடாநாட்டின் செம்மண் தோட்டங்களுக்கு அது நற்காலமாயிற்று. செத்தல் மிளகாயும் வெங்காயமும் லொறிகளில் தெற்கே சென்றன. கமக்காரரோடு தரகரும், சாக்கு விற்பவரும், தேநீர்க்கடைக்காரருங்கூடப் பிழைத்தனர். (அதே மக்கள் பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றதையும் மறத்தலாகாது.) 1977இல் வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. நுகர்வோர் மகிழ்ந்தனர், எமது தோட்டங்கள் தளர்ந்தன. பின்வந்த போரும் பாதையடைப்பும் வேறு கதை.

2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் இன்னொரு முறையைக் கொணர்ந்தது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபா என அமைச்சர் வர்த்தமானி வாயிலாக விதிக்கலாம். அறுவடைக் காலத்திற் கூட்டிக் கமக்காரரைக் காத்தலும், தட்டுப்பாட்டிற் குறைத்து நுகர்வோரைக் காத்தலும் இதனால் இயலும். நோக்கம் நன்றே. இடர்ப்பாடு வரியின் அளவில் அன்று, அது மாறுங் காலத்திலேயே உள்ளது.

ஒரு கடைக்காரர் 500 கிலோ வெங்காயத்தைக் கிலோ 200 ரூபாவாக வாங்கினார் எனக் கொள்வோம். முதல் ஓரிலட்சம் ரூபா. கிலோவுக்குப் பத்து ரூபா வைத்து விற்றால் இலாபம் 5,000. இடையிலே வரி 40 ரூபா குறைந்து, சந்தை விலையும் அவ்வாறே இறங்குமாயின், இருப்பின் பெறுமதியில் 20,000 போய்விடும். நான்கு முறை கொண்டுவந்து விற்ற இலாபம் ஒரே நாளில் அழிகிறது. கப்பலில் வருவது பெரிய வெங்காயமே என்று சிலர் கூறுவர். மெய்தான்; ஆனால், அது மலியும்போது சின்ன வெங்காயத்தின் விலையையும் கீழே இழுத்துவிடுகின்றது. பெருவணிகர் பல பண்டங்களில் நட்டத்தைச் சரிக்கட்டுவர். சிறுவணிகருக்கோ அவ்வொரு பண்டமே முதல்.

கமக்காரர் நிலை இன்னும் இக்கட்டானது. நட்ட வெங்காயத்தை இரண்டு மூன்று மாதங் கழித்தே கிண்டலாம். வர்த்தமானி வெளிவர ஓரிரவு போதும். ஆகவே, அறுவடைக் காலத்து வரியை நடுகைக்கு முன்னரே அறிவித்தல் வேண்டுமென்பது எமது கருத்து.

வணிகம் பயிலும் மாணவர், ஒரு போகத்து வர்த்தமானித் திகதிகளை ஒரு பக்கத்திலும் சுன்னாகச் சந்தை விலையை மறுபக்கத்திலுமாகக் குறித்து வருவாராக. அடுத்த மலருக்கு அக்குறிப்பை ஆவலுடன் எதிர்பார்ப்போம்.